சின்ன எழுத்தில் மே

செவ்வாயும் வியாழனும் மாலை ஆறரைக்கு
சூ ஃபால்ஸ் கல்லூரியின் அறை நூற்றுப்பதினான்கில்
எங்களுக்கு ஆங்கிலம்.
கல்லூரிக்குள் போகுமுன் கால் கழுவும் வகுப்பு
என்பான் எவெலியோ.
கூரை போடுகிறவன், நகக்கண்ணில் தார்.

நான் இறைச்சி ஆலையிலிருந்து நேரே வருகிறேன்.
நான் தின்னாத பன்றியின் தாடைகளை
எட்டு மணி நேரம் பிரித்த கை.
பேனாவைக் கொடுத்தாலும்
கத்தி பிடிப்பதாகத்தான் பிடிக்கிறது.

மிஸ் ஓஸ்ட்பிக்கு இருபத்தேழு வயது.
எனக்கு நாற்பத்து மூன்று.
செவிலியர் படிப்புக்கு எழுபத்தைந்து வேண்டும்.
திருப்பித் தந்த தாளில் அறுபத்தொன்று.

'இரவுப்பணி உடம்பைக் கெடுக்கிறது.'
முதல் வரி.
எட்டு வருடம் பார்த்துவிட்டு எழுதியது.
'கெடுக்கிறது' மேல் பச்சை மையில் ஒரு கோடு,
கோட்டின் மேல் ஒரே சொல்:
மே.

எந்த மே?

எனக்குத் தெரிந்த மே ஒன்றுதான்.
நாங்கள் எல்லை தாண்டியது கின்பொத் மாதம்,
அதிகாரியின் நாட்காட்டியில் அதற்குப் பெயர் மே.
தேதி என்ன என்றார்.
பதினான்காக இருக்கலாம் என்றேன்.
என்ன கிழமை? நிலவு இருந்ததா?
இருந்திருக்கலாம் என்றேன்.
கோப்பு இரண்டு வருடம் தூங்கியது.

மொழிபெயர்த்தவன் வாசலில் வந்து சொன்னான்:
அக்கா, இருக்கலாம் என்று நீ சொன்னால்
இல்லை என்று அவர்கள் எழுதுவார்கள்.

அன்றிலிருந்து வாயைக் கழுவினேன்.
ஒருவேளை போயிற்று, போலும் போயிற்று.
ஆறு வயது மகனுக்கும் பாடம் சொன்னேன்:
மே பதினான்கு. செவ்வாய். நிலவில்லை.
தூக்கத்தில் உலுக்கிக் கேட்டாலும் சொல்லுவான்.

மிஸ் ஓஸ்ட்பி மேசையருகே குனிந்தாள்.
அந்த மே இல்லை, லெத்தெப்ரஹான்.
மாதத்துக்குப் பெரிய எழுத்து.
இது சின்ன எழுத்து.
கெடுக்கக்கூடும்.
நீ பார்த்தது ஒரே ஓர் ஆலை.
பார்க்காததற்குக் கொஞ்சம் இடம் விடு.
இங்கே எல்லாம் தெரிந்தவர்களை
யாரும் நம்ப மாட்டார்கள்.

பின் வரிசையில் தில்மாயா சிரித்தாள்.
சிரித்தவள் நிறுத்தவில்லை.
பதினெட்டு வருடம் நேபாள முகாமில்
கைரேகை கைரேகையாக உறுதி கொடுத்தவள்.
கண்ணைத் துடைத்துக்கொண்டு
தன் தாளில் பதினொரு இடத்தில்
மே போட்டாள்.

கார் நிறுத்துமிடத்தில் பனி.
கண்ணாடியைச் சுரண்டியபடி சொல்லிப் பார்த்தேன்:
கெடுக்கக்கூடும். கெடுக்கக்கூடும்.
பொய் சொல்கிற மாதிரி
நாக்கு கூசியது.

வீட்டில் மகன் நூடுல்ஸ் கிண்டிக்கொண்டிருந்தான்.
பத்தொன்பது முடிகிறது.
நாம் தாண்டிய தேதி என்ன என்றேன்.
தலை நிமிராமல்,
மே பதினான்கு செவ்வாய் நிலவில்லை.

பதினைந்தாகவும் இருக்கலாம் என்றேன்.

அடுப்பை அணைத்தான்.
காதிலிருந்து ஒயரைக் கழற்றினான்.

நிலவு இருந்தது அம்மா, என்றான்.
உன் கழுத்துச் சிலுவை மின்னிக்கொண்டே இருந்தது.
அதைப் பார்த்துத்தான் நடந்தேன்.
நீ இல்லை என்று சொல்லச் சொன்னாய்,
சொன்னேன்.

அவன் தட்டிலேயே நானும் சாப்பிட்டேன்.
இரண்டு பேரும் அதற்குமேல் பேசவில்லை.

நேற்றுத் திருத்திய கட்டுரையைக் கொடுத்தேன்.
ஒன்பது மே.
மதிப்பெண் வெள்ளிக்கிழமை.

பத்தாவதாக ஒன்று எழுதி அடித்துவிட்டேன்.
'இரவில் நின்றபடி வேலை பார்ப்பவர்கள் மயங்கி விழக்கூடும்.'
அங்கே மட்டும் கத்தி பிடிக்கிற பிடியில் எழுதினேன்:

அஸ்கலு விழுந்தாள்.
ஈரத் தரையில், அதிகாலை மூன்று நாற்பதுக்கு.
வரிசையை நிறுத்தவில்லை.
நான் பார்த்தேன்.