பதினாறு டிகிரி

ஜெலுத்தோங்கில் அந்த மாடிவீட்டுக்கு
நான் போனது பூனைக்காக அல்ல,
பாக்கிக்காக.
கேஸ் நிரப்பியது, கண்ட்ரோல் போர்டு மாற்றியது,
வடிகுழாய் புதிதாக இழுத்தது:
எழுநூற்று நாற்பது ரிங்கிட்.
‘தண்ணி சொட்டுது, காசு இல்ல’ என்றவன்
அதன்பின் போனை எடுக்கவே இல்லை.

வீட்டுக்காரம்மா சாவியோடு வந்தார்.
வாடகையும் வரவில்லையாம்.
‘ஓடிவிட்டான், ஈப்போவோ எங்கேயோ’
என்றார் மலாயில், மூக்கைப் பொத்திக்கொண்டு.

உள்ளே என் மெஷின் மட்டும்
நாணயமாக ஓடிக்கொண்டிருந்தது.
பதினாறு டிகிரி.
சுவரோரம் அடுக்கிய கூண்டுகள்,
கதவு திறந்து, காலியாய்.
கடைசிக் கூண்டிலிருந்து
பச்சைப்பிள்ளை வழக்குப் பேசுவதுபோல் ஒரு குரல்.

சயாமிஸ்.
பால்வண்ணம் என்று படத்தில் பார்த்திருக்கிறேன்.
இவள் தோள்வரை கறுத்திருந்தாள்,
விலா எண்ணலாம்,
கண் மட்டும் நீலம், கேஸ் அடுப்புச் சுடர்போல.
தட்டில் உணவில்லை. தண்ணீர் இருந்தது.
எப்படி என்று அண்ணாந்து பார்த்தேன்.
நான் சரியாக ஒட்டாத மூட்டிலிருந்து
சொட்டு,
அப்புறம்
சொட்டு.

பாக்கியைப் பற்றி அதன்பின் நான் பேசவில்லை.

மேசை இழுப்பறையில் அவள் சான்றிதழ்:
ஐந்து தலைமுறை, முத்திரையோடு.
அப்பனுக்கு அப்பன், அவனுக்கு அப்பன்,
எல்லாருக்கும் பட்டப்பெயர்.
எனக்குத் தாத்தாவோடு முடிகிறது;
அவருடைய சிவப்பு ஐசியில்
அந்தப் பெயரும் எழுத்துப்பிழை.

டாக்டர் ரொஸ்லினா கருப்பையை எடுத்தார்.
‘ஈன்று ஈன்று அழுகிவிட்டது’ என்றார்.
நிறத்தைக் கேட்டேன்.
சூடான இடம் வெளுக்கும், குளிர்ந்த இடம் கறுக்கும்,
இந்த இனத்துக்கு அப்படியாம்.
தாய் வயிற்றில் எங்கும் ஒரே சூடு,
அதனால் பிறக்கும்போது எல்லாம் வெள்ளை.
பிறகு
குளிர் போய்த் தொட்ட இடமெல்லாம்
மூக்கு, காது, பாதம், வால்.
முப்பது வருஷம் குளிரை விற்றவன் நான்.
இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

வடக்கே, பஸ் ஏறினால் அரை நாள்,
அங்கே தொடங்கிய வம்சம்.
கப்பலேறி லண்டன் போய்
முகம் கூர்ந்து, காது பெருத்து,
விலைச்சீட்டோடு திரும்பி
பக்கத்து ஊருக்கே விருந்தாளியாய் வந்திருக்கிறது.
சயாம் இளவரசி ஒருத்தி குளிக்கும்போது
மோதிரங்களை இதன் வாலில் மாட்டுவாளாம்,
நழுவாதிருக்கத்தான் நுனி மடங்கிற்றாம்.
கதைதான்.
இவள் வாலும் மடங்கியிருந்தது.
என்னிடம் செம்பு வாஷர் இருந்தது, மாட்டிப் பார்த்தேன்.
கையில் இன்னும் தழும்பு இருக்கிறது.

ரெலாவ் பிளாட், பதினோராம் மாடி.
புஷ்பலீலா இரவு ஷிப்ட் முடிந்து வந்தவள்
பையைக்கூட வைக்காமல் கேட்டாள்,
‘யாருங்க இந்தக் கரிமூஞ்சி?’
அதுவே பெயராயிற்று.
சான்றிதழில் அதற்கு இடமில்லை.

கதவைச் சாத்தினால் கத்துவாள்,
திறந்தால் ஏன் சாத்தினாய் என்று கத்துவாள்.
டூல்பாக்ஸ் மேல் உட்கார்ந்து
ஸ்பேனரை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளுவாள்.
நான் போனில் பேசினால்
இடையில் புகுந்து அவளும் பேசுவாள்.
‘பேபியா அண்ணே?’ என்கிறார்கள் கஸ்டமர்கள்.
ஆமாம் என்பதில் எனக்கென்ன நஷ்டம்.
ஆனால் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டால் போதும்,
பைப்படியில் போய் நிற்பாள்,
பேச்சே வராது.

ஒரு வருஷத்தில் முதுகு வெளுத்துவிட்டது.
எங்கள் வீட்டில் காற்றாடி மட்டும்தான்.
சிரைத்த விலாவில் மட்டும்
ரோமம் கறுப்பாக முளைத்திருந்தது,
தீப்பெட்டி அளவு, ஓரம் நேராக.
வெறும் தோல் குளிர்ந்ததாம்.
அடுத்த உதிர்வில் போகுமாம்.

ஸ்டோரில் ஒரு மெஷின் கிடக்கிறது,
ஒரு குதிரைசக்தி, கழற்றிவந்தது, நல்ல நிலை.
மார்ச் புழுக்கம்.
புஷ்பலீலா தினமும் கேட்கிறாள்.
ஞாயிற்றுக்கிழமை மாட்டுகிறேன் என்று
நான் வாயெடுப்பதற்குள்
கரிமூஞ்சி பதில் சொல்லிவிடுகிறாள்.