குதிரை ஆற்றைக் கடந்ததா

டிசம்பர். பெண்டில் ஹில்லில் நாற்பத்தொரு பாகை.
கமலவேணி மாமி வேலை உடுப்போடே வந்தாள்.
ஆஸ்பத்திரிச் சலவையறையின் வெளுப்பான் மணம்
அவளுக்கு முன்னால் படியேறியது.

பொதியைப் பிரிக்க முன்னரே தெரிந்துவிட்டது:
அந்த அகலம், அந்தக் கனம்,
ஆட்டினால் உள்ளே ஒரு சின்னக் குலுக்கம்.
பிரித்தேன்.
அட்டையில் பழுப்புக் குதிரை, பின்னால் ஆறு,
உச்சியில் எக்ஸ்பாக்ஸ் என்ற பச்சைப் பட்டை.
என் அறையில் இருந்ததோ பிளேஸ்டேஷன்.

"சரிதானே தம்பி? கடைப்பெடியன் சொன்னவன்,
இதுதான் இப்ப நல்லா ஓடுதெண்டு."
படம் ஓடுவதுபோல. பஸ் ஓடுவதுபோல.
அம்மா கண்ணாலேயே என்னைக் கிள்ளினாள்.
"சரிதான் மாமி" என்றேன்.
பன்னிரண்டு வயதில் நான் சொன்ன பொய்களில்
நெடுநாள் ஓடியது அதுதான்.

மாற்றலாம், ரசீது வேண்டும்.
ரசீது கேட்டால் மாமிக்குத் தெரிந்துவிடும்.
அடுத்த ஞாயிறே கேட்டுவிட்டாள்:
"குதிரை எவ்வளவு தூரம் போட்டுது?"

அட்டையின் பின்பக்கம் நாலு படங்கள்,
தீப்பெட்டி அளவில்.
அவற்றை வைத்துக்கொண்டு
கடிவாளம் இல்லாமல் நான் சவாரி கிளம்பினேன்.
சொந்தக்காரன் செத்துப்போனான் என்றேன்.
குதிரை தனியே வீடு தேடுகிறது என்றேன்.
"அப்ப சாப்பாடு?"
அதை நான் யோசிக்கவில்லை.
"வழியில புல்லு, மாமி."
"தண்ணி?"
"ஆறு இருக்கு. ஆனா கடக்கேலாது. சரியான ஆழம்."

அதன்பின் ஆறுதான்.
வெஸ்ட்மீட் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது எடுப்பாள்,
பின்னணியில் அறிவிப்புக் குரல்,
அம்மாவைக் கேட்கமுன் என்னைக் கேட்பாள்:
"கடந்திட்டுதே?"
"இன்னும் இல்ல."
"மழை நிக்கட்டும் எண்டு பாக்குதாக்கும்."
மழையை நான் வைக்கவில்லை. அவளே வைத்தாள்.

மறுவருடம் மீன்பிடி. பச்சைப் பட்டை.
அதற்கடுத்து கார். பச்சை.
பிறகு ஏதோ நடனம், காலால் மிதிக்கும் பாய் இல்லாமல்.
எல்லாம் கண்ணாடித்தாள் கிழியாமல்
கணக்குப் புத்தகங்களுக்குப் பின்னால் நின்றன.
மீனைப் பற்றி அவள் ஒருநாளும் கேட்கவில்லை.

முப்பத்தொரு வயதில், பிளாக்டவுன் ஞாயிற்றுச் சந்தையில்,
தோசைக்கல்லுக்கும் பழைய ஃபேனுக்கும் நடுவே
அந்த மெசினைக் கண்டேன். நாற்பத்தைந்து டொலர்.
வீட்டுக்கு வந்து குதிரையின் தாளை நகத்தால் கீறினேன்.
விலைச்சீட்டை மாமி சுரண்டியிருந்தாள்,
தொண்ணூற்றொன்பது மட்டும் போகவில்லை.

யாரும் சாகவில்லை அதில்.
வால் வாரலாம். லாடம் வாங்கலாம்.
வேலி தாண்டினால் கைதட்டு, ஒரு ரிப்பன்.
ஆறு இருந்தது. ஓட்டிப் போனேன்.
கரையில் கண்ணுக்குப் படாத ஒரு சுவர்:
கால்கள் ஓடுகின்றன, குதிரை நகரவில்லை.
கரை நெடுக அரைமணி நேரம்
வெட்கமில்லாமல் வழி தேடினேன்.
செய்தவர்களுக்கு அக்கரை தேவைப்பட்டிருக்கவில்லை.

மாமிக்கு எடுத்தேன்.
இரண்டு முழங்காலும் மாற்றியாகிவிட்டது அவளுக்கு,
பென்ஷன், மத்தியானத் தூக்கம்.
"நீங்கள் தந்த குதிரை கேம், மாமி. ஞாபகமோ?"
"எந்தக் குதிரை?"
கரண்டி ஒன்று கோப்பையில் தட்டியது.
நேரம் போனது.
"சொந்தக்காரன் செத்துப்போனானே... அதுவோ?"
"ஓம். அதுதான்."
"பிறகு கடந்திட்டுதே?"

திரையில் அது இன்னும்
நின்ற இடத்திலேயே பாய்ந்துகொண்டிருந்தது.

"இப்பதான் மாமி. முன்னங்கால் நனைஞ்சிருக்கு."

"மெல்லமா விடு" என்றாள்.
"அவசரப்படுத்தாத. கல்லு வழுக்கும்."