ஏழு, மேல்

நாயிஃபில் மூன்றாவது மாடி,
இரண்டு படுக்கையறை என்று ஒப்பந்தம் சொல்லும் வீட்டில்
நாங்கள் இருபத்தாறு பேர்.
என் முகவரி: ஏழு, மேல்.
பகலில் அது சூசைமாணிக்கத்தின் முகவரி.
அவர் படுத்து நான் பார்த்ததில்லை,
நான் படுத்து அவர் பார்த்ததில்லை.
காலை ஐந்தரைக்கு நான் இறங்க, அவர் ஏறுவார்.
தலையணையில் முன்பு இரண்டு குழிகள் இருந்தன.
இப்போது ஒன்றுதான்.

மெத்தைக்கடியில் ஒரு நாவல் கிடந்தது,
முன்பு இருந்தவன் விட்டுப்போனது.
அட்டை இல்லை, முதல் பதினாறு பக்கம் இல்லை.
அதனால் கதை எனக்கு
நெரிசலின் நட்டநடுவில்தான் தொடங்கிற்று:

இரண்டாயிரத்து நூற்று நாற்பது.
பூமியில் நாலாயிரம் கோடிப் பேர்.
ஆளுக்கு நான்கு சதுர மீட்டர் என்று சட்டம்.
கழிப்பறைக்கு டோக்கன். கட்டிலுக்கு மணிக்கணக்கில் வாடகை.
கதாநாயகன் நடுங்கிச் சொல்கிறான்:
'முகம் தெரியாத ஒருவனின் சூடு ஆறாத படுக்கையில் படுத்தேன்.
மனித குலம் முடிந்துவிட்டது.'

இதை நான் சத்தமாகப் படித்தேன்.
கீழ்த்தட்டு பிச்சைக்கனி தச்சர்,
இடுப்பிலிருந்து டேப்பை உருவிக் கட்டிலை அளந்தார்.
மேலுக்கும் கீழுக்கும் வகுத்தார்,
பகலுக்கும் இரவுக்கும் வகுத்தார்.
அரை மீட்டர்கூடத் தேறவில்லை.
"நாலு மீட்டரா!
அந்த ஊருக்கு விசா என்ன விலை, கேட்டுச் சொல்லு."
தில்பகதூருக்கு இந்தியில் விளக்கினோம்.
எல்லோரும் சிரித்து ஓய்ந்தபின்
அவன் தனியாகச் சிரித்தான்.

எண்பத்தெட்டாம் பக்கத்தில் கணக்கெடுப்பவர்கள் வருகிறார்கள்.
உபரி மனிதர்களின் நெற்றியில் முத்திரை.

எங்களுக்கு வருவது பலதியா.
வாட்ச்மேன் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்.
ஆறு பேரை வீட்டில் நிறுத்திவிட்டு
இருபது பேர் படியிறங்குவோம்.
கணக்கில் இல்லாதவன் நடப்பதற்கென்று ஒரு நடை உண்டு,
தக்காளி வாங்கப் போகிறவன் மாதிரி.
கிரீக் கரையில் உட்கார்ந்து
அப்ரா படகில் போகிறவர்களை
எண்ணிக்கொண்டிருப்போம்.

எனக்கு வேலை ஏசி.
மரீனாவில், அறுபத்தோராம் மாடியில்
நான்கு வருடமாக யாரும் குடியேறாத வீடு.
சோபாவில் இன்னும் பிளாஸ்டிக் உறை.
மரச்சாமான் பூஞ்சை பிடிக்கக் கூடாதென்று
இரவும் பகலும் இருபத்துநான்கு டிகிரி.
மூன்று மாதத்துக்கொருமுறை ஃபில்டர் கழற்றுவேன்.
மனிதர் வாழ்ந்தால் ஃபில்டரில் முடி இருக்கும்.
இதில் மணல்தான், மாவு போல.
ஒருநாள் கைதட்டிப் பார்த்தேன்.
நான்கு குளியலறைகளும்
ஒவ்வொன்றாகத் திருப்பித் தட்டின.

அன்றிரவு நாவலின் ஓரத்தில் எழுதினேன்:
'எழுத்தாளர் ஐயா, நாலாயிரம் கோடியையும் எண்ணினீர்கள்.
அறுபத்தோராம் மாடியை எண்ணினீர்களா?'

மறுநாள் இரவு, அதன் கீழே
பென்சிலில் வேறொரு கையெழுத்து:
'எண்ணுவது இருக்கட்டும் தம்பி.
சாவி உன்னிடம்தானே இருக்கிறது?'

சட்டைப்பையைத் தொட்டேன்.
கார்டு இருந்தது.
மறுபடி தொட்டேன்.

நாவலின் கடைசிப் பக்கங்களும் இல்லை.

காலை ஐந்தரை.
நான் இறங்கினேன், அவர் ஏறினார்.
இருவரும் ஒன்றும் பேசவில்லை.
படுக்கை ஆறியிருக்கவில்லை.