பத்தாம் நாள் பால்

கூட்டுறவுப் பண்ணையில் என் வேலை
ஒரு காகிதப் பட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்பது.
இரண்டு கோடு வந்தால்
பால், பாலாடைக்கட்டி ஆகும்.
ஒரு கோடு என்றால் மருந்து கலந்தது.
சாக்கடைக்கு.

போன டிசம்பரில் ஒரே ஒரு கேனால்
ஆறாயிரம் லிட்டரைச் சாய்த்தோம்.
எரிமலைக் கல் சந்து முழுக்க வெள்ளை.
கேனின் எண் நாற்பத்தொன்று.
என் தம்பி வால்தெமீரோவுடையது.
எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்.
அதற்குப் பிறகு தேவாலயத்தில்
எனக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தான்,
என் முதுகு சுடட்டும் என்று.

அக்டோபரில் ஓர் இரவு கதவைத் தட்டினான்.
"அந்தோரின்யா படுத்துட்டா."
பத்து மாதம் கழித்து அவன் எனக்குக் கொடுத்த வார்த்தை
ஒரு மாட்டின் பெயர்.
தகைவிலான் குருவி என்று அதற்குப் பொருள்.
ஐந்நூற்றைம்பது கிலோ குருவி.

அசோரஸில் மூடுபனி இறங்கினால்
வேலி எது, மாடு எது என்று தெரியாது.
ஹைட்ரேஞ்சாப் புதர்களைத் தடவித் தடவிப் போனோம்.
காது சில்லிட்டிருந்தது.
மடியில் ஒரு பக்கம் மட்டும் கல்.
காம்பைப் பீய்ச்சினால்
தண்ணீரும் திப்பியும்.
கன்று சற்றுத் தள்ளி நின்று
கத்தக்கூட இல்லை.

மருத்துவர் பக்கத்துத் தீவில்.
காற்று அடங்காமல் படகு வராது.
மார்பைச் சுற்றி நாடா பிடித்து
தம்பி எண்ணைச் சொன்னான்;
தொலைபேசியில் அவர் அளவைச் சொன்னார்.
நான் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

குப்பியைக் குலுக்கினான்.
பெனிசிலினும் வெள்ளைதான்,
அது எனக்கு எப்போதும் உறுத்தும்.
கழுத்தில் முஷ்டியால் மூன்று தட்டு,
நான்காவது தட்டில் ஊசி.
பின்னுக்கு இழுத்துப் பார்த்தான்.
இரத்தம் ஏறவில்லை.
மெதுவாக அழுத்தினான்,
நேரமே கெட்டியாகி
அந்தக் குழாய்க்குள் இருப்பதுபோல.

இரண்டாம் நாள் எழுந்து நின்றாள்.
மூன்றாம் நாள் வாளியை முட்டித் தள்ளினாள்.
"போதும், மீதி இன்னொரு மாட்டுக்கு ஆகும்"
என்று மூடியை இறுக்கினான்.
எங்கள் தீவில் பாம்பு கிடையாது.
இருந்திருந்தால், அடித்த பாம்பைப்
பாதி உயிரோடு விடாதே என்று சொல்லியிருப்பேன்.
சொல்ல ஒன்றும் கிடைக்காமல்
அவன் சட்டைப்பையிலிருந்து குப்பியை எடுத்தேன்.
மூடியைத் திறந்தேன்.
ஐந்து நாள்.

அதற்குமேல் நான்கு நாள் காத்திருப்பு.
பின்காலில் சிவப்பு நாடா கட்டிக்கொண்டு
அவள் மேய்ந்தாள்.
காலையும் மாலையும் கறந்து
குழி வெட்டி ஊற்றினான்.
நக்க வந்த பூனையை
கல்லெறிந்து விரட்டினான்.
கன்றுக்கு வேறொருத்தியின் பால்.

பாலைக் கட்டியாக்குவதும் கிருமி,
மடியைக் கல்லாக்குவதும் கிருமி.
மருந்துக்கு இரண்டும் ஒன்றுதான்.
நல்லவன் கெட்டவன் பார்க்கத் தெரியாது அதற்கு.
பார்க்க வேண்டியவள் நான்,
இருநூறு ரூபாய்ச் சாக்குத்துணி மாதிரி
கசங்கிய ஒரு மேலங்கிக்குள்.

பத்தாம் நாள் காலை
நாற்பத்தொன்றை அவனே தூக்கி வந்தான்.
சொட்டு விட்டு நுழைத்தேன்.
எட்டு நிமிடம்.
வெளியே போய்ப் புகைப்பான் என்று நினைத்தேன்.
போகவில்லை.
கேனின் பிடியைத் துடைத்தான்,
துடைத்ததையே துடைத்தான்.
ஐந்தாம் நிமிடத்தில்
"கன்னுக்குப் பேர் வைக்கணும்" என்றான்.
மேல்கோடு தெரிந்துவிட்டது.
கீழே, ஈரத்துக்குள்,
ஏதோ சிவக்கத் தொடங்கியது
அல்லது நான் வேண்டியதைக்
கண் வரைந்துகொண்டிருந்தது.
"இன்னும் மூன்று நிமிடம்" என்றேன்.
"தெரியும்" என்றான்.