பொருள்: பழைய இரும்பு

முதல் லோரி வந்த அன்று
எடைமேடைக்கு அடியில் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன.
கிராஞ்சிச் சேறு. வேலிக்குப் பின்னால் தியோவின் பன்றிக் கொட்டில்.
சக்கரம் புதைந்து, பலகை போட்டு, தள்ளி,
ஒருவழியாக மேலேற்றி நிறுத்தினார்கள்
உடைத்த கப்பலொன்றின் விலாவை.
எழுபத்திரண்டு பிக்கல் என்று எழுதினேன்.
அப்போது என் கையெழுத்து நன்றாக இருந்தது.

உலை மூட்டிய இரவு
பன்றிகள் தூங்கவில்லையென்று தியோ சண்டைக்கு வந்தான்.
ஆறு மாதத்தில் அவன் மகனே
இரவு ஷிப்டில் இடுக்கி பிடித்தான்.

வீரபத்திரன்,
உருளைகளின் வாயிலிருந்து சிவந்து பாயும் கம்பியைக்
கவ்வி, வளைத்து, அடுத்த வாய்க்கு ஊட்டுகிறவன்,
ஒருமுறை அரை நொடி பிந்தினான்.
பூட்ஸோடு போனது கட்டைவிரல்.
நஷ்டஈடு அறுநூறு வெள்ளி.
அந்த மாதத்துக் கம்பி
தோ பாயோவில் பன்னிரண்டு மாடியாய் எழுந்து நின்றது.

(பின்னாளில் அங்கேதான் வீவக வீடு வாங்கினேன்.
திரை மாட்டத் துளைபோட வந்த பையன்
'உள்ள கம்பி முட்டுது ஆன்ட்டி' என்றான்.
தெரியும் என்றேன்.)

பிக்கல் போய் டன் வந்தது,
டன் போய் மெட்ரிக் டன்.
சேற்றின் மேல் தார் வந்தது. தியோவின் கொட்டில் இருந்த இடத்தில்
எங்கள் இரண்டாவது உலை.
ஒரு நாளுக்கு ஒரு பக்கம் போதாமல்
பேரேட்டில் தாள் ஒட்டி எழுதிய வருடங்கள்.

எங்கிருந்தோ மலிவாகக் கம்பி வருகிறதென்று
யாரும் எங்களிடம் சொல்லவில்லை.
மேலாளருக்கு முன்பே எனக்குத் தெரியும்:
வெளியே போகும் லோரிகளின் ஸ்பிரிங்
தணியவே இல்லை.

கடைசி வாரம்
ஆலை ஆலையாகவே வெளியே போனது.
உருளைகள், கிரேன் கொக்கி,
நான்காக அறுத்த உலையின் வயிறு,
சாப்பாட்டுக்கூடத்து பெஞ்சு.
எல்லாம் என் மேடையில் ஏறி நின்றன.
பொருள் என்ற கட்டத்தில்
பழைய இரும்பு, பழைய இரும்பு என்று எழுதிக்கொண்டே போனேன்.
கூரைத் தகரம் ஏறும்போது நல்ல மழை.
நனைந்த எடைக்குக் காசு தரமாட்டேன் என்றான் வாங்கியவன்.
நனைந்த எடைதான் என்றேன்.
முப்பத்தொரு வருடத்தில்
கம்பெனிக்காக நான் செய்த ஒரே திருட்டு.

மிச்சம் எடைமேடை.
கேஸ் கட்டர் சிறுவர்கள் காத்திருந்தார்கள்.
இதை எதில் ஏற்றி நிறுப்பது?
'சும்மா உத்தேசமாப் போடுங்க, மிஸ்.'
பேனா மூடியைத் திருகினேன்.
அந்த ஒரு கட்டம் மட்டும்
இன்னும் வெறுமையாக இருக்கிறது, பேரேடு என்னிடம்தான்.