நாளுக்கு ஒரு கேள்வி

விடிகாலை மூன்றரைக்கு மட்டும்தான்
இந்த வண்டியிடம் கேட்க முடியும்.
ஒருதரம் சூடேறிவிட்டால்
அன்றைக்கு அதனிடம் பதில் கிடையாது.
எல்லாம் சரியாக இருப்பதுபோல் நிற்கும்,
மாமனார் வீட்டு விருந்தில் மாப்பிள்ளை மாதிரி.

நெய்வேலிப் பக்கம் ஏதோ கம்பெனி ஏலத்தில் விட்ட டட்சன்.
என்னைவிட மூன்று வயது மூத்தது.
முதுநகர் ஐஸ் ஃபேக்டரி வாசலில்
எட்டு பார் ஏற்றி, உமி கொட்டி, நனைந்த சாக்கு போர்த்தி
ஆக்சிலேட்டரை ஒருமுறை அடிவரை மிதித்து விட்டேன்.
கார்புரேட்டர் வாயில் தகடு மூட வேண்டும்:
மூடியது.
சாவி திருப்பினால் பிடித்தது.
பாலத்தின் நடுவே
கரும்புகை, மூக்கெல்லாம் பெட்ரோல்,
இருமி இருமி நின்றுவிட்டது.
கீழே உப்பனாறு. பின்னால் சொட்டுச் சொட்டாக என் வருமானம்.

தணிகாசலம் போனிலேயே தீர்ப்புச் சொன்னார்:
"அந்த ஆட்டோமேட்டிக்கப் பிடுங்கிக் கடாசு.
கையால இழுக்குற சோக்கு வெச்சுத் தரேன். ஆயிரத்து எண்ணூறு."

ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றிப் பார்த்தேன்.
இன்ஜின் கொதிக்கிறது,
தகடு இன்னும் வாய் திறக்கவில்லை.

பக்கத்தில் ஒரு கறுப்பு வட்ட மூடி.
உள்ளே சுருள்வில்.
இரண்டு உலோகங்களை முதுகோடு முதுகு ஒட்டிய பட்டை;
சூட்டில் ஒன்று அதிகம் நீளும், மற்றது கொஞ்சம்.
அந்தத் தகராறில்தான் தகடு திறக்கும்.
சூடு தர ஒரு ஒயர்.

மறுநாள்
ஐஸுக்குக் காத்திருந்து காத்திருந்து அலுத்து
அஞ்சலாட்சியே பாலம் வரைக்கும் நடந்து வந்துவிட்டாள்.
மீன் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து டார்ச் பிடித்தாள்.
டெஸ்ட் லாம்ப்பை ஃப்யூஸில் வைத்தேன்: எரிந்தது.
சோக் முனையில் வைத்தேன்: எரியவில்லை.
"நடுவுல எங்கயோ செத்துக் கெடக்குது" என்றாள்.
ஒயரை விரலால் உருவிக்கொண்டே போனேன்.
மேல்தோல் புத்தம்புதுசு.
ஓரிடத்தில் மட்டும் நொசநொசத்தது.
பிளேடால் கீறினால் பச்சைப் பொடி.
கடல்காற்று ரப்பருக்குள் எந்த வழியில் நுழைந்ததோ.
வெட்டி, செம்பு பளபளக்கச் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றினேன்.

தீர்ந்தது என்று நினைத்தேன்.

அடுத்த விடியலில் புகை இல்லை.
ஆனால் தகடு அவசரப்பட்டுத் திறந்து
முதல் வேகத்தடையிலேயே உயிர் போனது.
மூன்று திருகுகளை இளக்கினேன்.
மூடி விளிம்பில் வரிசையாகக் கோடுகள்,
நடுக்கோட்டில் ஒரு புள்ளி.
எந்த ஊர்க் குளிரை மனதில் வைத்து
எவன் குத்திய புள்ளியோ அது.
நம் மார்கழியே அதற்குக் கோடைக்காலம்.
அஞ்சலாட்சி ஐஸைப் பார்த்தாள், இன்ஜினைப் பார்த்தாள்.
"எட்டு பார் ஐஸு பின்னால.
முன்னால குளிரு பத்தலயாக்கும்?"

சிரித்து முடிக்கவே நேரமாயிற்று.
ஒரு கோடு மட்டும் திருப்பி இறுக்கினேன்.
சரியா, தப்பா?
வண்டி சூடாகிவிட்டது. நாளைக்குத்தான் கேட்க முடியும்.

நாளைக்குத் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிவிட்டார்கள்.
படகு எதுவும் போகவில்லை. ஐஸ் எவருக்கும் வேண்டாம்.
தூங்கியிருக்கலாம்.
மூன்றரைக்கு, கொட்டுகிற மழையில், கைலியோடு போய் உட்கார்ந்தேன்.
ஒரு மிதி. சாவி.
உச்சஸ்தாயியில் உறுமிற்று.
போனில் நொடிகளை எண்ணினேன்.
நூற்று நாற்பதில் பெடலை லேசாகத் தட்டினேன்.
குரல் இறங்கி
சீராக நின்றது.
வைப்பர் இல்லாத கண்ணாடியில் மழை வழிந்துகொண்டே இருந்தது.

அஞ்சலாட்சிக்குப் போன் போட்டேன்.
"கடலுக்கே யாரும் போவல. யாருக்குய்யா ஐஸு, இந்நேரத்துல?"
"ஐஸ் இல்ல. தொறந்துச்சு."
மறுமுனையில் கொஞ்ச நேரம் மழை மட்டும் கேட்டது.
பிறகு தூக்கம் கலைந்த குரலில்,
"எத்தினி நிமிசத்துல?"