கவிழ்த்துப் பார்ப்பவள்

தொட்டி கைக்கு வந்ததும் கவிழ்த்துவிடுவேன்.
மரத்தைப் பார்க்க வந்தவர்கள் மரத்தைப் பார்க்கட்டும்.
எனக்கு அடிப்பக்கம் போதும்:
வடிதுளை, கம்பித்துளைகள், நான்கு கால்,
மூலையில் அரிசி அளவு முத்திரை.

ஹமாமட்சுவில் பொய்ப்பல் செய்கிறேன்,
இருபத்தாறு வருடமாக.
மெழுகில் விழுந்த கடியைப் பார்த்து
இவர் இடப்பக்கம் மெல்லுகிறவர்,
இவர் தூக்கத்தில் நறநறக்கிறவர் என்று
முகம் பாராமல் சொல்லிவிடுவேன்.
சுட்ட மண்ணும் கடிபட்டதுதான்.

அலமாரியில் நூற்று நாற்பத்து மூன்று போன்சாய்த் தொட்டிகள்,
ஒரு மரம்கூட இல்லை.
"கிண்ணமாக வாங்கி அடுக்கிவிட்டு
சூப் வைக்காத வீடு" என்கிறாள் நாத்தி மிஹோகோ.

முத்திரையை நம்பக் கூடாது,
ஒரு மதியத்தில் வெட்டிவிடலாம்.
பழமையையும் நம்பக் கூடாது,
தேயிலைச் சாறும் ஷூ பாலிஷும் சேர்ந்தால்
வெள்ளிக்கிழமைக்குள் நூறு வயது.
நம்பலாம்,
எவரும் பார்க்கப்போவதில்லை என்று
அவர் நினைத்த இடத்தை.

இசோகாய் டொமெகிச்சியின் வடிதுளையில்
கடிகாரமென்றால் ஏழு மணி நிற்கும் இடத்தில்
எள்ளளவு புடைப்பு.
துளைக்கும் குழாயின் உதடு உடைந்திருக்கிறது,
மனிதர் மாற்றவே இல்லை.

மார்ச்சில் டோகொனாமே போனேன்,
துண்டில் சுற்றிய இரண்டு தொட்டிகளோடு.

ஒன்று கருநீல மெருகு.
ஏலத்தில் என் இரண்டு மாதச் சம்பளம்.
முத்திரை தெளிவு, பெட்டியில் கையெழுத்து,
விளிம்பு நீர் நிற்பதுபோல் நின்றது.
துளை மட்டும் வழவழவென்று
சுத்தம், அதிக சுத்தம்.

மற்றொன்று செம்மண்.
துருப்பிடித்த கத்தரிகளுக்கிடையில் கிடந்தது,
எண்ணூறு யென்.
முத்திரை பாதி, ஒரு கால் குட்டை.
ஏழு மணியில் புடைப்பு.

இசோகாய் சுமோ பார்த்துக்கொண்டிருந்தார்.
நீலத்தைத் திருப்பினார், உள்ளங்கையில் நிறுத்தார்,
ஒரு பயில்வான் விழுந்து எழும்வரை பேசவில்லை.
"என்னுடையது" என்றார்.
கேட்காமலே பெட்டியில் இன்னொரு கையெழுத்தும் போட்டார்.
சிவப்பை விரல்நுனியால் தள்ளினார்:
"எவனோ கற்றுக்குட்டி."

அவர் தலைக்குப் பின்னால், ஆணியில்,
உதடுடைந்த குழாய் தொங்கியது.
நான் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவர் பார்த்தார்.
ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார்.

வீடு வந்து ஏட்டைத் திறந்தேன்.
'செய்தவர்' என்ற கட்டத்தில்
சிவப்புக்கு எழுதினேன்: இசோகாய், அவர் மறுத்தபடி.
நீலத்துக்கு: இசோகாய், அவர் சொன்னபடி.
எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
நீலத்தை அடித்தேன்.

பிறகு யார் நீ?
பல் கண்ணாடியை எடுத்தேன்,
வாய்க்குள் கடைவாயைத் தேடுகிற அதே சின்ன வட்டக் கண்ணாடி.
விளிம்பின் உட்புறம், மெருகு எட்டாத நிழலில்
ஒரு நகத்தின் பிறை.
ஈர மண்ணைத் தூக்கும்போது
கட்டைவிரல் ஒரு கணம் அவசரப்பட்டிருக்கிறது.

அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினேன்.
நாற்பதாவதில் அதே பிறை,
தொட்டியின் பெயர் வேறு.
எழுபத்தொன்றில், இன்னொருவர் பெயரில்.
நூற்று ஏழில், பதினைந்து வருடம் முன் இறந்துபோனவர் பெயரில்,
இறந்த பின் சுட்ட மண்ணில்.

மூன்றும் என் அலமாரியின் ஆக நல்ல தொட்டிகள்.
கோபம் வரும் என்று காத்திருந்தேன்.
மணி இரண்டு ஆனது,
ஏமாற்றப்பட்டவளுக்கு உரிய எதுவும் வரவில்லை,
பசி வந்தது.

நூடுல்ஸுக்குத் தண்ணீர் கொதிக்கும் நேரத்தில்
ஏட்டில் புதிய பக்கம் எடுத்தேன்.
பெயர் எழுதும் இடத்தில்
பென்சிலால் ஒரு பிறை வரைந்தேன்.
கீழே: நான்கு தொட்டிகள்.
வலக்கைக்காரர். நகம் வெட்ட மறப்பவர்.

ஞாயிறு கியோட்டோவில் ஏலம்.
இனிமேல் கவிழ்த்தால் மட்டும் போதாது,
உள்ளே விரல் விட்டுத் தேட வேண்டும்.